முதுகு காட்டாத நடை

சக்கரவர்த்தி என்று வாய் நிறையப் பேர் வைத்த அப்பா, மகனுக்கு விட்டுப்போனது சாமை விதைக்கிற ஒரு கல்லுச் சரிவும், சில புளிய மரங்களும், முன்கம்பு முறையும்தான்.

முன்கம்பு என்றால் மேல்வேங்கைப்பட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆடித் திருவிழாவில் காளியம்மனைப் பல்லக்கில் வைத்து மேட்டுக் கோயிலிலிருந்து ஓடைக்கு இறக்குவார்கள். அங்கே அம்மாவுக்கு மஞ்சள் நீராட்டு. பல்லக்குக்கு முன்னால் ஒருவர் சிலம்பக் கம்பை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே குறுக்காக ஏந்திக்கொண்டு, அம்மா முகத்தைப் பார்த்தபடியே, பின்னோக்கி நடந்து இறங்க வேண்டும். குனிந்து காலைப் பார்க்கக் கூடாது. கம்பு தரையில் படக் கூடாது. என்ன ஆனாலும் அவளுக்கு முதுகு காட்டக் கூடாது. முன்னோக்கி இறங்கினாலே முழங்கால் நடுங்குகிற பாதை அது.

சக்கரவர்த்தி வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் இறங்கினார்கள். எப்படி முடிகிறது என்று கேட்டால், "அவ தள்ளிக்கினு வர்றா, நாங்க போறோம்" என்பார்கள். சக்கரவர்த்தியும் அந்த நம்பிக்கையில்தான் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம், ஓடைக்குக் கொஞ்சம் மேலே, பாசி பிடித்த பாறையில் அவர் குதிகால் வழுக்கிவிட்டது. விழவில்லை. ஒரு முழங்கால் மடிந்தது. கம்பின் இடது முனை மண்ணில் ஒரு கோடு கிழித்தது. எழுந்து நின்று மீதிப் பாதையை ஒழுங்காகவே இறங்கினார். அம்மாவுக்கு மஞ்சள் நீர் ஊற்றினார்கள், பொங்கல் வைத்தார்கள், எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் புரட்டாசியில் சாமை பால் பிடிக்கிற நேரம் பார்த்து மழை காணாமல் போனது. கோயில் பலா மரத்தில் இடி விழுந்தது. தை மாசம், சக்கரவர்த்தியின் மனைவி மஞ்சுளாவுக்கு ஒரே தம்பியான பூபாலன், பல வருஷம் காத்திருந்து மனைவி வயிற்றில் தங்கிய தன் பிள்ளையை இழந்தான். இரவல் ஜீப் கிடைத்து மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜீப் தாமதமானது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஜீப்பின் மேல் கோபப்பட்டு ஒருவரால் எத்தனை நாள் இருக்க முடியும்? மண்ணில் கிழித்த அந்தக் கோடுதான் ஊர் நாக்கில் நின்றது. சக்கரவர்த்திக்கு 'சாய்கம்பு' என்று பேர் வந்தது. முதலில் அவர் இல்லாதபோது சொன்னார்கள். பிறகு அவர் காதில் விழுகிற மாதிரி சொன்னார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் அவருக்குப் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது. தினமும் அக்கா வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து வம்பு பேசிவிட்டுப் போகிற பூபாலன் வருவதை நிறுத்திவிட்டான். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேசலாம். அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

முறையை மாற்றிவிட வேண்டும் என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். ஊர்க்கவுண்டர் தங்கவேல் உடனே சரி என்று சொல்லவில்லை.

"மனுசன் காலு ஒரு தபா வழுக்கும்யா. உன் காலு வழுக்கலையா? அடுத்த ஆடிக்கும் அவரே எறங்கட்டும். அம்மா மனசுல இன்னா இருக்குதுன்னு அவளே காட்டட்டும்."

சக்கரவர்த்தி எழுந்து கும்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் மஞ்சுளா கேட்டது ஒன்றுதான்.

"ஒயுங்கா எறங்கிட்டீங்கன்னா என் தம்பி வருவான் இல்ல?"

"வருவான்."

"கட்டாயமா?"

"அம்மா இருக்கா மஞ்சுளா."

அவருக்கும் முறையைவிட அதுதான் பெரிதாக இருந்தது. மஞ்சுளாவுக்குத் தாயும் தகப்பனும் இல்லை. பூபாலனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியைப் போளூரில் கடைக்காரரிடம் போட்டுவிட்டு, மலை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் சக்கரவர்த்தி ரயிலடிப் பக்கம் நடந்தார். ஒரு மைதானத்தில் பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். கம்பு சுற்றுவது அவருக்குப் புதுசில்லை. ஆனால் ஓரமாக ஒரு பெண் பிள்ளை, கையில் கம்பே இல்லாமல், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, செங்கல் வரிசையின் மேல் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தது. கால் ஒவ்வொன்றும் பூனை மாதிரி பின்னால் போய், செங்கல்லைத் தொட்டு, யோசித்து, பிறகு அமர்ந்தது. சக்கரவர்த்திக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பஸ் போனது கூடத் தெரியாமல் நின்றார்.

சொல்லிக்கொடுத்தவள் காவியா. கல்யாண வயசுப் பெண். மற்ற நாளில் கண்ணாடிக் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் சிலம்ப வகுப்பு.

"பாப்பாவ கூட்டிப் போக வந்தீங்களாண்ணா?"

"இல்லமா. அந்தப் பாப்பா வைக்குது பாரு காலு, அது எனக்கு வரணும்."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். ஆடிக்குள்ள."

காவியாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "செருப்ப அங்க விட்டுட்டு வாங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும், காது மயிர் நரைத்த சக்கரவர்த்தி, பால் பல் விழுந்த பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வரிசையில் நின்றார். பிள்ளைகள் அவருக்குப் 'பெரிய பையன்' என்று பேர் வைத்தார்கள். இந்தப் பேர் அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு வாண்டு கேட்டது, "உங்கள கூட்டிப் போக உங்க அம்மா வர மாட்டாங்களா அங்கிள்?"

"வருவா கண்ணு. ஆடியில வருவா."

காவியா அவருக்குக் கம்பையே கொடுக்கவில்லை. சிலம்பத்தில் கால் வைக்கிற முறைக்குச் சுவடு என்று பேர். அதை மட்டும், அதுவும் ஆமை வேகத்தில், செய்யச் சொன்னாள். அவர் பழக்கதோஷத்தில் விறுவிறு என்று பின்னால் போவார்.

"எங்கண்ணா ஓடுறீங்க? ரயிலு போயிடுச்சி. மெதுவா."

"மெதுவாத்தாம்மா போறேன்."

"இது மெதுவா? ஒரு காலு பாரக் காலு, ஒரு காலு காலிக் காலு. மொதல்ல காலிக் காலு போயி தரைய விசாரிக்கணும். கட்ட வெரலு, அப்புறம் முன்பாதம், அப்புறம் குதிகாலு. தரை சரின்னு சொல்ற வரைக்கும் பாரத்த அதுக்குக் குடுக்காதீங்க."

"சொல்லலன்னா?"

"அப்படியே நில்லுங்க. நிக்கிறதும் சுவடுதான்."

இது அவர் மனசில் ஏறியது. காலை வைக்கும்போது மனசு வேறெங்கும் போகக் கூடாது என்றும் அவள் சொன்னாள். அவருக்குத் தெரிந்த வழியில் அவர் அதைச் செய்தார். கட்டை விரல் மண்ணைத் தொடும்போது 'அம்மா' என்பார் உள்ளே. குதிகால் அமரும்போது 'தாயே' என்பார். சாமை விலை, மஞ்சுளாவின் மூட்டு வலி, பக்கத்தில் காலியாய்க் கிடந்த இலை, எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் நுழைய இடமில்லாமல் வெளியே நின்றன. பூஜை பண்ணுகிற மாதிரி இருந்தது.

ஊருக்குப் போய்ப் பழகும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொன்னாள் காவியா.

"ஒரே எடத்துல பழகாதீங்கண்ணா. இன்னிக்கு வயல்ல, நாளைக்கு ஓடையில, இப்படி மாத்திக்கினே இருங்க. ஒரே எடம்னா காலு அத மனப்பாடம் பண்ணிக்கும். அப்புறம் அது விசாரிக்காது."

"சரிமா" என்றார். ஆனால் மலை ஏறியதும் அவர் பழகியது அம்மா இறங்குகிற பாதையில் மட்டும்தான். அம்மா வயல் வழியாகவா வரப்போகிறாள்? அவள் வருகிற பாதையைத்தானே கால் கற்க வேண்டும்? போளூர்ப் பெண்ணுக்கு இந்த மலையைப் பற்றி என்ன தெரியும் என்று மனசில் ஒரு மூலையில் நினைத்தும் இருப்பார். அது அவர் செய்த பிசகு.

விடிந்தும் விடியாததுமாகக் கோயிலுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, கையில் கம்பை ஏந்தி, பின்னால் பின்னால் இறங்குவார். முதல் மாசம் குதிகால் இரண்டும் கிழிந்து, மஞ்சுளா வேப்பெண்ணெய் தடவினாள். பிறகு ஒவ்வொரு கல்லாகக் காலுக்குத் தெரிய ஆரம்பித்தது. மேட்டில் தவளை மாதிரி ஒரு கல். அதைத் தாண்டினால் அண்ணன் தம்பியாய் ஒட்டிக் கிடக்கிற இரண்டு கல். அப்புறம் செங்குத்துத் திருப்பத்தில் படிக்கட்டு வைத்த மாதிரி மண்ணில் புதைந்த கற்கள். ஆனி பிறந்தபோது கண்ணை மூடிக்கொண்டு சறுக்காமல் இறங்கினார். கால் தானாகப் போனது. அம்மா அருள் பண்ணிவிட்டாள் என்று கண் கலங்கினார்.

விறகுக்கும் மாட்டுக்கும் போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள்.

"இன்னா சாய்கம்பு, பின்னாடியே போய்க்கினு இருந்தா போன வருசத்துக்கே போயிடுவ போலக் கீதே!"

"போயி அந்தக் கோட்ட அழிச்சிட்டு வந்துர்றேன்" என்று இவரும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஒரு நாள் பூபாலன் அந்த வழியாக வந்தான். ஒதுங்கி வழி விட்டான். போகாமல் கொஞ்ச நேரம் நின்றான். இதை வீட்டில் சொன்னதும் மஞ்சுளா சாமை புடைக்கிற முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நின்னானா? மூஞ்சி எப்படி இருந்திச்சி?"

"தெரியல. நான் கோயிலத்தான பாத்துக்கினு இருந்தேன்."

"கொஞ்சம் திரும்பிப் பாத்தா இன்னா?"

"திரும்பக் கூடாதுன்னுதானடி இவ்ளோ பாடு."

ஆடி வந்தது. காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் முன்கம்பு பிடிப்பவர் கோயிலை விட்டு இறங்கக் கூடாது. ஒரு வேளை சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை, பல்லக்கு கிளம்புகிற அன்று காலையில்தான் அவர் பாதையில் கால் வைப்பார். சக்கரவர்த்தி கோயில் பின்னாலேயே கிடந்தார். மனசு லேசாக இருந்தது.

அந்த நாட்களில் கீழே அவருக்குத் தெரியாமல் ஒரு வேலை நடந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்துவிட, மஞ்சுளா அவர்களைக் கூப்பிட்டாள்.

"நம்ம தாயி வர்ற வழி. ஒரு கல்லு இருக்கக் கூடாது. உங்க அண்ணனுக்கும் காலு தடுக்கக் கூடாது. வாங்கடி, கை போடுங்க."

அவளுக்காக இல்லாவிட்டாலும் அம்மாவுக்காக வந்தார்கள். கடப்பாறை போட்டு நெம்பினார்கள். தவளைக் கல் போனது. அண்ணன் தம்பிக் கற்கள் போயின. திருப்பத்தில் புதைந்திருந்த படிக்கற்களைப் பிடுங்க இரண்டு நாள் சாயந்திரம் ஆனது. குழிகளில் செம்மண்ணைக் கொட்டி மிதித்து, சாணி தெளித்து, வழி நெடுகக் கோலம் போட்டார்கள். பார்க்கப் பாய் விரித்த மாதிரி இருந்தது. மஞ்சுளாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல்லக்கு இறங்கி முடிந்ததும் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அந்தக் கற்கள்தான் சரிவு மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. மேலே கோயிலில் கிடந்தவருக்குக் கடப்பாறைச் சத்தம் கேட்டது. பந்தல் கால் நடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

திருவிழா அன்று விடியலில் ஒரு மழை பெய்தது. நல்ல சகுனம் என்றார்கள்.

பம்பை முழங்கியது. பல்லக்கு தோளில் ஏறியது. பல்லக்கைத் தூக்குகிற முன் கொம்பில் இடது பக்கம் பூபாலன். சக்கரவர்த்தி குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, கம்பை ஏந்தி, அம்மா முகத்தைப் பார்த்தார். வெள்ளிக் கண்ணும் எலுமிச்சை மாலையுமாக அவள் ஜொலித்தாள். அவர் காலைப் பின்னால் வைத்தார்.

கோயிலை ஒட்டிய சமதளம் வரைக்கும் நன்றாகப் போனது. பிறகு அவர் கால் தவளைக் கல்லைத் தேடியது. கல் இல்லை. பாதம் அது பாட்டுக்குப் போய் ஈரமண்ணில் கணுக்கால் வரை இறங்கியது. ஒரு கணம் வேறு பாதைக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தார். குனிந்து பார்க்கக் கூடாது. அடுத்த காலை அண்ணன் தம்பிக் கல்லுக்கு நீட்டினார். அதுவும் இல்லை.

மாசக்கணக்கில் பழகிய கால் ஒரு நொடியில் ஒன்றும் தெரியாத கால் ஆகிவிட்டது. விசாரிக்கிற வேலையை அது எப்போதோ விட்டுவிட்டிருந்தது. அவர் நின்றார். மூச்சை இழுத்துவிட்டு, கட்டை விரலை நீட்டினார். அம்மா. சேறு. எடுத்து இன்னோர் இடம் தொட்டார். அம்மா. கொஞ்சம் கெட்டி. முன்பாதம். குதிகால். தாயே. அங்கிருந்து மெல்ல மெல்லத் தேறினார். மெதுவாகப் போனால் போய்விடலாம். கால் மறுபடியும் கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் மெதுவாகப் போக அவர் தனியாக வரவில்லை. மேலே பல்லக்கின் பாரம். தூக்கியவர்களின் கால்களுக்குக் கீழேயும் அதே சேறுதான்.

"நடங்க மாமா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் பூபாலன். அரை வருஷம் கழித்து அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "தோளு போவுது. நடங்க!"

"கல்லு இல்ல பூபாலா. பொறு."

"இன்னாத்துக்குக் கல்லு? நடய்யா!" என்றான் பின்னால் இருந்த ஒருவன். கூட்டம் குலவை போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தது. பம்பைக்காரர்கள் அடியை வேகமாக்கினார்கள்.

செங்குத்துத் திருப்பத்தில் பூபாலனின் கால் சறுக்கியது. முழங்கால் மடிந்தது. முன் கொம்பு சாய்ந்து, அம்மா அப்படியே முன்னால் கவிழ்ந்து வந்தாள். எலுமிச்சம்பழம் ஒன்று அறுந்து உருண்டது. சக்கரவர்த்தி பின்னோக்கி நின்றபடி அதைத் தாங்க வழியில்லை. தோள் கொடுக்க வேண்டுமானால் திரும்ப வேண்டும். காலை ஊன்ற வேண்டுமானால் மண்ணைப் பார்க்க வேண்டும்.

அவர் திரும்பினார். கம்பைச் சேற்றில் குத்தி ஊன்றினார். சாய்ந்து வந்த கொம்பின் கீழே பிடரியைக் கொடுத்தார். பூபாலன் தலைக்கு மேல் இறங்கிய மரம் அவன் காதோரமாக நின்றது. அம்மாவின் முழு பாரமும் சக்கரவர்த்தியின் கழுத்தில் உட்கார்ந்தது. அவள் மாலை அவர் கன்னத்தில் உரசியது. தன் ஆயுசில் அவள் இத்தனை பக்கத்தில் வந்ததில்லை என்று அந்த வேளையிலும் அவருக்குத் தோன்றியது.

அங்கிருந்து ஓடைக்கரை வரை அவர்தான் இறக்கினார். காலிக் கால், பாரக் கால். கட்டை விரல் தொடும், விசாரிக்கும், ஆகாது என்று திரும்பும், வேறிடம் தேடும். பிறகு அமரும். பின்னால் இருந்தவர்கள் கத்தியது எதுவும் கேட்கவில்லை. எந்தக் கல்லும் இல்லை, எந்த மனப்பாடமும் இல்லை. மைதானத்தில் காவியா சொன்னதை முதல் தடவையாக முழுசாகச் செய்தார். ஒரு தடவை கூடக் கால் தப்பவில்லை. அம்மா ஓடைக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தாள்.

மறுநாள் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஊர்க்கவுண்டர் தங்கவேல் முகத்தில் தூக்கம் இல்லை.

"சக்கரவர்த்தி, முதுகு காட்டினியா?"

"காட்டினேங்க."

"கம்பு மண்ணுல பட்டுச்சா?"

"குத்தினேங்க."

"ஏன்னு சொல்லு."

"அம்மா விழுந்துடுவான்னுதாங்க."

"அவ விழுவாளா? அவளுக்குத் தெரியாதா எங்க நிக்கணும்னு?" என்று ஒரு குரல் வந்தது. அது பக்தியான பேச்சு.

தங்கவேல் பூபாலன் பக்கம் திரும்பினார். "நீதான் கிட்ட இருந்தவன். இன்னா பாத்த?"

மஞ்சுளா பெண்கள் பக்கத்திலிருந்து தம்பியையே பார்த்தாள். பூபாலன் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தான். அவன் காதோரம் மரம் உரசிய சிராய்ப்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"திரும்பினாருங்க. முதுகு காட்டினாரு. கம்ப மண்ணுல குத்தினாரு. என் கண்ணால பாத்தேன்."

உட்கார்ந்துவிட்டான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

மஞ்சுளாவுக்குத் தாங்கவில்லை. "கல்ல நாங்கதான்..." என்று எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடுக்கா. எங்க எல்லாரையும் மாட்டி வுட்டுறாத." கூட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து சக்கரவர்த்தி அவளைப் பார்த்தார். கல் எப்படிப் போனது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பிறகு, "மஞ்சுளா, உக்காரு" என்றார். இந்தக் கெட்ட பேர் தன்னோடு போகட்டும், ஊர்ப் பெண்கள் எல்லார் தலையிலும் ஏற வேண்டாம் என்று நினைத்தார்.

முறை அந்த வீட்டை விட்டுப் போனது. பூபாலனுக்குப் போனது. பல்லக்கு சாய்ந்தபோதும் கொம்பை விடாமல் பிடித்தவன் என்று காரணம் சொன்னார்கள்.

அடுத்த வாரம் காவியா போன் பண்ணினாள். "அண்ணா, ஆளையே காணோம். எப்படி நடந்தீங்க?"

"நல்லா நடந்தேம்மா" என்றார். அது உண்மை. பிறகு போளூருக்கு அவர் புளி போட மட்டும்தான் போனார். ரயிலடிப் பக்கம் போகவில்லை.

வீட்டில் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், விளக்கு ஏற்றும்போது மஞ்சுளா கேட்டாள்.

"அவ பாத்துக்கினு இருக்கா, பாத்துக்கினு இருக்கான்றீங்களே. பாத்துக்கினு மட்டும்தான் இருப்பாளா?"

சக்கரவர்த்தி திரியைத் தூண்டிவிட்டு வெளியே வந்தார். அவர் கும்பிடுவதை விடவில்லை. கும்பிடும்போது கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

சித்திரையில் ஒரு காலை, பூபாலன் வாசலில் வந்து நின்றான். முழங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. மஞ்சுளா அவனைப் பார்த்தாள். எந்தக் கால் இந்த வாசலை மிதிக்க வேண்டும் என்று ஒரு வருஷம் முழுக்க வேண்டிக்கொண்டாளோ அந்தக் கால் மிதித்துவிட்டது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"மாமா" என்றான். "பாதையில எறங்கிப் பாத்தேன். வரல. வுழுந்து வுழுந்து எழுந்திரிக்கிறேன்."

சக்கரவர்த்தி கொட்டாங்குச்சியில் மாட்டுக்கு மருந்து குழைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என் பொண்டாட்டி மறுபடியும் முழுகாம இருக்கா மாமா. இந்தத் தபா என் காலு வழுக்கிச்சின்னா... நீங்க வைக்கிற கால எனக்குச் சொல்லிக் குடுங்க."

"அன்னிக்கு நீ பாத்தது அவ்ளோதானா பூபாலா?"

பூபாலன் கோழியைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான். "கேட்டதுக்குச் சொன்னேன் மாமா."

"ஆமா. கேட்டதுக்குச் சொன்ன."

"குடுக்காதீங்க" என்று உள்ளேயிருந்து மஞ்சுளாவின் குரல் வந்தது. "வுழுந்து சாவட்டும்." சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டாள் போலிருக்கிறது.

சக்கரவர்த்தி கையைத் துடைத்துக்கொண்டார். இவன் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முன்னால் நடப்பது யாராக இருந்தாலும் பல்லக்கில் வருபவள் அவள்தானே. அந்த வயிற்றில் இருக்கிற பிள்ளை யாருக்கு என்ன பாவம் செய்தது?

"செருப்பக் கழட்டு" என்றார்.

வெயில் ஏறும் வரை வாசலில் பழக்கினார். அவன் பேரைச் சொல்லவில்லை, மச்சான் என்று கூப்பிடவில்லை. "கட்ட வெரலு. பாரத்தக் குடுக்காத. குடுக்காதன்னேன். எடு. வேற எடம் பாரு." இவ்வளவுதான் பேசினார். பாதையில் பழகவே கூடாது, தினம் ஓர் இடம் மாற்று என்றும் சொன்னார். பூபாலனுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது.

"அக்கா" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டான். "கொஞ்சம் தண்ணி குடுக்கா."

உள்ளே அடுப்பில் விறகை நகர்த்துகிற சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. அவன் மறுபடியும் கூப்பிட்டான். விறகுச் சத்தமும் நின்றது.

சக்கரவர்த்தி போய்ச் சொம்பில் மொண்டு வந்து, அவன் கையில் கொடுக்காமல், அவன் காலடிக்குக் கொஞ்சம் தள்ளி மண்ணில் வைத்தார்.

"குடிச்சிட்டு மறுபடியும் வை" என்றார். "மெதுவா."